முகம் பார்த்து ஆடும் ஆட்டம்

எங்கள் வீட்டில் காட்ஸ் விளையாடும்போது முகம் அசையக்கூடாது. நல்ல சீட்டு வந்தாலும், ஒன்றுக்கும் உதவாத சீட்டு வந்தாலும், முகத்தை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கூட்டாளியைப் பார்த்து ஒருமுறை இருமினாலே போதும், எதிர்ப்பக்கத்தார் சீட்டைக் கீழே போட்டுவிட்டு "கள்ளம், கள்ளம்" என்று கத்தத் தொடங்கிவிடுவார்கள். என் சின்ன மாமா ஒருவர் ஆட்டத்துக்கு நடுவில் மூக்கைச் சொறிந்தார் என்பதற்காக ஒரு வருடப்பிறப்பு முழுவதும் அவரோடு யாரும் ஆடவில்லை. அவருக்கு உண்மையாகவே மூக்குக் கடித்தது என்பதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

அந்தக் குடும்பத்தில் பிறந்த நான், அறுபதை நெருங்கும் வயதில், சிட்னியின் மேற்கே ஓர் ஆர்ஜென்டினா மண்டபத்தில், புருவத்தை உயர்த்திய குற்றத்துக்காக ஒரு கூட்டத்தின் முன் எழுந்து நின்று விளக்கம் சொன்னேன். இந்த வயதில் எனக்கு இப்படியொரு பெருமை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருமை என்றுதான் சொல்கிறேன், மாற்றிச் சொல்லப்போவதில்லை. அதை ஒழுங்காகச் சொல்வதென்றால் வேலிக்கு அப்பால் இருக்கும் அண்ணையிடமிருந்து தொடங்க வேண்டும்.

லிட்கமில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் ஞாயிறே வேலிக்கு அப்பாலிருந்து புகை வந்தது. விறகு எரிந்து தணலாகி, அதன்மேல் மாட்டு விலா ஆறுதலாக வேகும் புகை. நாங்கள் சைவம். கொடியில் காயப்போட்டிருந்த உடுப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். "வந்த உடனேயே சண்டை பிடியாதையும்" என்றார் என் கணவர். என் குணம் அவருக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வேலிக்கு மேலால் ஒரு நரைத்த மீசை எழும்பியது.

"வெசினா, காத்து உங்கட பக்கம் அடிக்குது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

வெசினா என்றால் அவர்கள் மொழியில் பக்கத்து வீட்டுக்காரி. அன்றிலிருந்து இன்றுவரை நான் அவருக்கு வெசினாதான். அவர் எனக்கு அண்ணை, அவருடைய மனைவி அக்கா. அவர்கள் பேசுவது ஸ்பானிஷ் கலந்த இங்கிலீஷ், நான் பேசுவது யாழ்ப்பாணம் கலந்த இங்கிலீஷ். எழுதும்போது எல்லோருக்கும் என் ஊர்த் தமிழையே கொடுத்துவிடுகிறேன். அண்ணைக்கு அது நன்றாகத்தான் பொருந்துகிறது.

எங்கள் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் பிறகு அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. அந்த நாட்களில் அவர் அடுப்பு மூட்டுவதில்லை. மற்ற நாட்களில் விரலை ஈரமாக்கிக் காற்றுப் பார்த்துவிட்டுத்தான் மூட்டுவார். நானும் என் பங்குக்கு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பொரியல், வடை என்று பெரிய சமையல். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் என்னைப் பார்த்துப் படபடவென்று கை தட்டினார்கள். நான் திடுக்கிட்டுப் போனேன். இறைச்சி வாட்டுகிறவருக்கு விருந்தினர் எல்லோரும் சேர்ந்து கை தட்டுவது அவர்கள் வழக்கமாம். சமைத்தவருக்குக் கை தட்டாமல் எழும்புவது மரியாதைக் குறைவாம். நான் அந்த வயது வரைக்கும் சமைத்துப் போட்ட சாப்பாட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு, "இண்டைக்கு உப்பு அளவா இருக்கு" என்பதுதான். அதைச் சொன்னவர் பக்கத்துக் கதிரையில் குனிந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணையும் அக்காவும் இளம் வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவர் ரயில் பெட்டி திருத்தும் யார்ட்டில் வெல்டர். அக்கா உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தார். ஆர்ஜென்டினா என்று சொன்னதும் இங்கே எல்லோரும் அவரிடம் பந்து விளையாட்டைப் பற்றிக் கேட்பார்கள். அவருக்குப் பந்தில் ஒரு ஈடுபாடும் கிடையாது. எங்களைக் கண்டால் கிரிக்கெட்டையும் கொத்துரொட்டியையும் கேட்கிற மாதிரித்தான். பென்டில் ஹில்லுக்கு மரக்கறி வாங்க நான் ரயிலில் போகும்போது சில நேரம் அவரும் வருவார். கதவோரத்து இரும்பைத் தட்டிப் பார்த்து, "இது என்ர ஒட்டு" என்பார். உண்மையா பொய்யா, யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் தட்டுகிற விதத்தைப் பார்த்தால் அந்த ரயிலே அவருடையது போல எனக்கும் ஒரு தெம்பு வரும்.

ஊரை ஏன் விட்டார்கள் என்று நான் ஒரே ஒருமுறைதான் கேட்டேன். "எங்கட ஊரிலயும் ஆமிக்காரர் பொடியளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. என் ஊரில் எத்தனை தாய்மார் பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் தெருவில் நிற்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் வேலி என்பது வெறும் பலகையாகிவிட்டது.

அவர்களுடைய ஆட்கள் இங்கே அதிகம் இல்லை. எங்களைப் போலக் கோயிலுக்குக் கோயில், சங்கத்துக்குச் சங்கம் பிரிந்து சண்டை போடுகிற அளவுக்கு ஆட்கள் அவர்களுக்கு இல்லை. சிட்னியின் மேற்கே ஒரு மண்டபம், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட இறைச்சி அடுப்பு, ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். அந்த மண்டபத்தின் இரும்புக் கதவு நிலைகளை அவர்களே வேலை முடிந்து வந்து ஒட்டினார்களாம். மண்டபத்தில் வருடத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில் ட்ருக்கோப் போட்டி நடக்கும்.

ட்ருக்கோ என்பது அவர்களுடைய முந்நூற்றி நாலு. இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து, கூட்டாளிகள் எதிரும் புதிருமாக இருந்து ஆடுவது. ஆளுக்கு மூன்று சீட்டு. பெரிய சீட்டு சுற்றை வெல்லும், இரண்டு சுற்றை எடுத்தவர் வென்றவர். ஆனால் ஆட்டம் சீட்டில் இல்லை. கையில் ஒன்றும் இல்லாமலே "ட்ருக்கோ!" என்று மேசையில் அடித்துக் கத்தலாம். எதிராளி "வேணும்" என்றால் ஆட்டத்தின் மதிப்புக் கூடும், "வேண்டாம்" என்றால் அவர் சீட்டைப் போட்டுவிட்டுத் தோற்க வேண்டும். பொய்யும் துணிச்சலும்தான் முதல்.

இதில் என்னை அதிர வைத்தது வேறொன்று. கூட்டாளிக்கு முகத்தால் சைகை காட்டலாம்! காட்டத்தான் வேண்டும்! புருவத்தை உயர்த்தினால் வாள் ஆசு, அதாவது வாள் படம் போட்ட ஏஸ் சீட்டு, கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு. வாயை வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு. உதட்டைக் கடித்தால் மூன்று, அங்கே அதுவும் பெரிய சீட்டுத்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல். எதிராளி பார்க்காத நொடியில் காட்ட வேண்டும். எதிராளியின் சைகையை நாம் பிடிக்க வேண்டும். அதனால் எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. வாயால் எவ்வளவும் பொய் சொல்லலாம், முகத்தால் பொய் சொல்லக்கூடாது. இல்லாத சீட்டுக்குச் சைகை காட்டினால் அந்த மண்டபத்தில் அவன் மனிதனே இல்லை.

"அண்ணை, இது பச்சைக் கள்ளம்" என்றேன், முதன்முதல் அவர் வீட்டுக் குசினியில் பார்த்தபோது.

"கள்ளம் இல்லை, வெசினா. இதுதான் ஆட்டம்."

பழகிவிட்டேன். ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் என்னையும் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாமாக்களுக்குக் கை குறைந்தால் மட்டும்தான் பெண்பிள்ளைக்கு இடம் கிடைக்கும். ஆள் வந்ததும் எழுப்பிவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போட்டியில் அண்ணைக்கு ஒரு நிரந்தரக் கூட்டாளி இருந்தார். யார்ட்டில் கூட வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அது நடந்து கொஞ்ச நாளில் ஒரு காலை அண்ணை எழும்பும்போது அவருடைய முகத்தின் இடப்பக்கம் விழுந்துவிட்டது. பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்புதான் என்றார் டாக்டர். பெரும்பாலும் சுகம் வந்துவிடும் என்றும் சொன்னார். அண்ணைக்கு முழுதாக வரவில்லை. இடக் கண் முழுதாக மூடாது. வாய் எப்போதும் வலப்பக்கம் இழுத்தபடி நிற்கும். பேச்சுக்கும் நடைக்கும் குறையில்லை. ஆனால் மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். புகையும் இல்லை. புகை வரவில்லை என்று சைவக்காரி ஒருத்தி கவலைப்பட்டதை யாரிடம் சொல்ல?

"கண்ணாடி பாக்கிறேல்லை" என்றார் அக்கா. "தடவித் தடவித்தான் சேவ் எடுக்கிறார். நாடியெல்லாம் வெட்டு."

போட்டி நெருங்கியபோது மண்டபத்துச் செயலாளரும் இன்னொருவரும் அண்ணையைப் பார்க்க வந்தார்கள். அந்த இன்னொருவர் முன்பு பேக்கரி வைத்திருந்தவர், தடித்த ஆள், ட்ருக்கோவில் அண்ணைக்குப் பரம எதிரி. வருடக்கணக்காக இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று திட்டிக்கொண்டே ஆடியவர்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன். பேக்கரிக்காரர் கொண்டு வந்த பிஸ்கற் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணையின் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. செயலாளர்தான் பேசினார். இந்த வருடம் அண்ணை ஆட வேண்டாமாம். முன்வரிசையில் பிரதம விருந்தினராக இருந்து, வென்றவர்களுக்குக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷமாம்.

அண்ணை ஓம் என்று தலையாட்டினார். அவர்கள் போன பிறகு பிஸ்கற் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"வெசினா, என்னைக் கதிரையில இருத்திப்போட்டாங்கள்" என்றார்.

எனக்கு அந்தக் கதிரை நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்களும் அப்படித்தான். ஒருவரைக் காரியத்திலிருந்து கழற்றுவதென்றால் முதலில் பொன்னாடை போர்த்துவார்கள். அண்ணையின் கண்ணில் நீர் நின்றது. இடக் கண்ணில் நீர் எப்போதும்தான் நிற்கும். இது வலக் கண். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"கதிரையில வேற ஆரையும் இருத்தட்டும். நீங்கள் மேசையில இருக்கிறியள். நான் உங்களுக்குக் கூட்டு."

"நீங்களோ?"

"ஏன், எனக்கென்ன குறை? கை குறையேக்க மட்டும்தான் நான் தேவையோ?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அன்றைக்கே தொடங்கினோம். எதிர்ப்பக்கத்துக்கு அக்காவும் என் கணவரும். "உமக்கு வேற வேலை இல்லையே" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மூன்றாவது ஆட்டத்திலேயே மேசையில் அடித்துக் கத்தத் தொடங்கிவிட்டார்.

அண்ணையின் அரை முகத்தைப் படிப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. நான் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். பேச்சு வராத குழந்தைகளின் முகத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒற்றைப் புருவம் எழும்பினால் வாள் ஆசு. உதட்டின் வலமூலையைக் கடித்தால் மூன்று. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வாய் எப்போதும் வலப்பக்கம் கோணி நின்றதால், வாள் ஏழு இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. "அதை விடுங்கோ, கடவுளிட்ட விட்டிடுவம்" என்றார் அண்ணை. பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

போட்டி நாள் நல்ல வெயிலும் நல்ல குளிரும். மண்டபம் முழுக்க வெளிர்நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். பின்னால் அடுப்பில் புகை. கிழவர்கள் ஸ்பானிஷில் கேட்க, பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அந்த இரைச்சல் எனக்குப் பழகிய இரைச்சல்தான், மொழி மட்டும்தான் வேறு. முன்வரிசையில் ஒரு பெரிய கதிரைக்குத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள்.

செயலாளர் எங்களைக் கண்டு தடுமாறிவிட்டார். அண்ணை ஆடப்போகிறார் என்பதே அவருக்குப் பிரச்சினை. அதற்குமேல் கூட்டாளி, பஞ்சாபி சுரிதாரும் கம்பளிச் சட்டையும் போட்டு, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெண். "உறுப்பினரும் அவையளின்ர குடும்பமும்தான் ஆடலாம்" என்றார் மெதுவாக.

அக்கா ஆறடிப் பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "இவ எங்கட குடும்பம். எனக்கு ஒப்பரேசன் நடந்த நேரம் வேலிக்கு மேலால சோறு தந்தது ஆர்? நீரோ?" என்றார். செயலாளர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். கை குறைந்ததால் அல்ல, குடும்பம் என்று சொல்லி எனக்கொரு கதிரை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

முதல் ஆட்டம் வென்றோம். இரண்டாவதும் வென்றோம். நான் குதூகலமாக இருந்தேன். அண்ணையைப் பார்த்தால் முகம் கறுத்துப் போயிருந்தது.

"என்ன அண்ணை? வெண்டிட்டம்தானே?"

"நீங்கள் காணேல்லையோ? ஒருத்தனும் என்ர முகத்தைப் பாக்கிறான் இல்லை. நான் ட்ருக்கோ எண்டு சொன்ன உடன 'வேண்டாம்' எண்டு சீட்டைப் போடுறாங்கள். எனக்கு வெற்றியைத் தீத்துறாங்கள், வெசினா. குழந்தைக்குச் சோறு தீத்துற மாதிரி."

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். உண்மைதான். முகம் பார்த்து ஆடுகிற ஆட்டத்தில், எல்லோரும் அவருடைய முகம் இருக்கும் திசையை விட்டுவிட்டு ஆடினார்கள். இரக்கம்தான். கெட்ட மனிதர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த இரக்கம் போர்த்தி வைத்திருந்த கதிரையைவிட மோசமாக இருந்தது. அவர்கள் பார்வைக்குப் போக இடமில்லாமல் அவ்வளவும் என் முகத்தில் வந்து குவிந்தது. நான் மாமாக்களின் வளர்ப்பு, கல்லாக இருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, தன் கூட்டாளியோடு வந்து உட்கார்ந்தவர் பேக்கரிக்காரர். அவரும் சீட்டையும் என்னையும் மட்டுமே பார்த்தார். ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. கடைசிக்குக் கிட்ட அண்ணை ட்ருக்கோ சொன்னார். பேக்கரிக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் ஒரு பெண் குடுவையோடு வந்து நின்றாள். அவர்கள் குடிக்கும் மாத்தே என்ற கசப்புத் தேநீரை ஒரு குடுவையில் ஊற்றி, ஒரே உலோகக் குழாயில் ஆள் மாறி ஆள் உறிஞ்சுவார்கள். எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு அது பழகப் பல காலம் எடுத்தது. சீனி போடவா வேண்டாமா என்றுதான் அவள் ஸ்பானிஷில் கேட்டிருக்கிறாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பி, "என்ன?" என்பதற்கு நாங்கள் செய்வோமே, அப்படிப் புருவத்தை உயர்த்தினேன்.

பேக்கரிக்காரர் கண்டுவிட்டார். "வேண்டாம்!" என்று சீட்டைப் போட்டார். நானும் பழக்க தோஷத்தில் என் சீட்டுகளை மல்லாத்திப் போட்டேன். மூன்றும் குப்பை. வாள் ஆசு இல்லை, அதன் நிழல்கூட இல்லை.

பேக்கரிக்காரர் கதிரை பின்னால் விழ எழும்பினார். "பொய்ச் சைகை! புருவம் தூக்கினவ! நான் ரெண்டு கண்ணாலையும் கண்டனான்!" மண்டபம் முழுவதும் எங்கள் மேசையைச் சுற்றி வந்துவிட்டது. நானும் எழும்பினேன். எனக்கு மூக்குக் கடித்த மாமாவின் ஞாபகம் வந்தது. பாவம் மனிதர், இப்படித்தானே இருந்திருக்கும்.

"நாங்கள் 'என்ன' எண்டு கேக்கிறது இப்பிடித்தான்" என்றேன். "எங்கட சனம் முழுக்க இப்பிடித்தான்." ஒருவரும் நம்பவில்லை. செயலாளர் கூட்டத்தில் நின்ற என் கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"உங்கட மனுசியிட்ட 'என்ன விசயம்' எண்டு கேளுங்கோ. வாயால வேண்டாம்."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் தேத்தண்ணீர் முதல் காணாமற்போன கார்த் திறப்புக்கோர்வை வரை எல்லாவற்றையும் என்னிடம் புருவத்தால்தான் கேட்டிருக்கிறார். இரண்டு புருவத்தையும் தூக்கி, நாடியையும் சற்றே மேலே எறிந்து, ஊரில் சந்தியில் நின்று கேட்கிற மாதிரியே ஒன்று கேட்டார். மண்டபம் சிரித்தது. "அம்மாடி, இந்தாள் ஒவ்வொரு நாளும் வாள் ஆசோடயே திரியிறார்" என்று யாரோ சொல்ல, செயலாளர் என்னைக் குற்றமற்றவள் என்று அறிவித்தார். சீட்டைக் கலைத்துப் புதிதாகப் பிரித்து அந்தக் கையைத் திரும்ப ஆடச் சொன்னார்.

பேக்கரிக்காரருக்கு மட்டும் சூடு ஆறவில்லை. ஆட்டக்காரனின் சூடு, இரக்கத்தை எரித்துவிடுகிற சூடு. கதிரையை நிமிர்த்திக்கொண்டே அண்ணையின் பக்கம் திரும்பி, நேரே முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"இவவை விடுவம். நீ? உன்ர வாய் விடியத் தொடங்கி வாள் ஏழு, வாள் ஏழு எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கு. உன்னட்ட அது கிடக்கோ இல்லையோ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சொன்ன மனிதருக்கே தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது, முகம் வெளிறியது. நான் அண்ணையைப் பார்த்தேன். அவருடைய வலப்பக்கம் மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. பிறகு இரண்டு கையாலும் மேசையில் அடித்துச் சிரித்தார். சத்தமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பாத்திட்டான்!" என்றார் என்னிடம். "வெசினா, கடைசியா ஒருத்தன் பாத்திட்டான்!" பேக்கரிக்காரரிடம் திரும்பினார். "கிடக்கோ எண்டு அறிய ஆசையோ? சீட்டைப் பிரிச்சுப் போடு. ஆடிப் பார்."

ஆடினோம். முதல் சுற்று அவர்களுக்கு. இரண்டாவதை என் மூன்றால் நான் எடுத்தேன். எல்லோர் கையிலும் ஒரு சீட்டு மிச்சம், என்னுடையது குப்பை. அண்ணை தன் கடைசிச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்து, "ட்ருக்கோ!" என்றார்.

பேக்கரிக்காரர் இந்த முறை பார்த்தார். மேசைக்கு மேலால் சாய்ந்து, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் போலக் கூச்சமில்லாமல் பார்த்தார். விழுந்த கன்னத்தைப் பார்த்தார், மூடாத கண்ணைப் பார்த்தார், கோணிய வாயை வெகுநேரம் பார்த்தார். அண்ணை முகத்தைத் திருப்பவில்லை. இவ்வளவு காலமும் ஜன்னல் பக்கமும் சுவர்ப் பக்கமும் திருப்பி வைத்திருந்த முகத்தை வெளிச்சத்தில் நீட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். அந்த நேரம் நான் கல் இல்லை, என் முகத்தை யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

"பொய்" என்றார் பேக்கரிக்காரர். "நீ பொய்யன். எப்பவும் பொய்யன்தான். வேணும்!"

அண்ணை சீட்டைத் திருப்பினார். நாலு. ட்ருக்கோவில் அதைவிடச் சின்னச் சீட்டு கிடையாது. பேக்கரிக்காரர் அங்கே அதைவிடப் பெரிய சீட்டான ஒரு இரண்டை அதன்மேல் போட்டார். நாங்கள் தோற்றுவிட்டோம்.

தோற்ற மனிதரை அப்படி ஒரு கம்பீரத்தோடு நான் பார்த்ததே இல்லை. எழும்பி, பேக்கரிக்காரரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அவர்கள் வழக்கப்படி கன்னத்தில் முத்தம் கொடுத்து, ஸ்பானிஷில் ஏதோ திட்டினார். அவரும் திரும்பத் திட்டினார். என்ன திட்டினார்கள் என்று அக்காவைக் கேட்டேன், எழுதக்கூடியது இல்லை. அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார். "முகம் விழுந்தாப்பிறகு இவரை ஒருத்தரும் ஏசினதே இல்லை" என்றார்.

கிண்ணத்தைக் கொடுக்கும் நேரம் வந்தபோது செயலாளர் அண்ணையைத் தேடினார். அண்ணை பின்னால் அடுப்படியில் இறைச்சி திருப்பிக்கொண்டு, பேக்கரிக்காரரோடு அந்தக் கடைசிக் கையைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார். துணி போர்த்திய கதிரையில் யாரோ குளிர்ச் சட்டைகளைக் குவித்திருந்தார்கள். கிண்ணத்தைச் செயலாளரே கொடுத்தார். இறைச்சி மேசைக்கு வந்ததும் வாட்டியவருக்கு எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். சாலட் மட்டும் சாப்பிட்ட நானும் என் கணவரும் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினோம். என் பக்கத்து வீட்டு மனிதர் இவர் என்று அந்த மண்டபத்துக்கே கேட்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வரும்போது என் கணவர் கார் ஓட்டினார். அண்ணை முன்னால், நானும் அக்காவும் பின்னால். பாதி வழியில் அண்ணை கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தார். அதன் உட்பக்கம் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அண்ணை பார்த்தார். நாடியில் இருந்த வெட்டுக்களைத் தடவினார். வாயை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"வெசினா, உண்மையாவே வாள் ஏழு மாதிரியோ கிடக்கு?"

"ஓம் அண்ணை. அசல் வாள் ஏழு."

"அப்ப அடுத்த வருசம் உண்மையா ஏழு வரேக்க, அவன் துலைஞ்சான்" என்றார். லிட்கம் வரும்வரை அவர் அந்தக் கண்ணாடியை மூடவில்லை.